சட்டமும் நாமும்: பிணைக்கு ஆளை விலைக்கு வாங்கலாமா?



அண்மையில் ஒரு வேலையாகத் திருகோணமலை நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வெளியில் தெரிந்த ஒரு சகோதரி அழுதுகொண்டு நின்றார். 2006இல் மூதூர்ப் பக்கம் நடந்த சண்டையில் கணவரை இழந்தவர். மீன் வாடியில் நடந்த கைகலப்பொன்றில் அவருடைய ஒரே மகன் கைதாகி விளக்கமறியலில் இருந்தான். அன்று நீதவான் பிணை வழங்கியிருந்தார். 10,000 ரூபா ரொக்கப் பிணை, தலா 1 இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணை.

"ரெண்டு இலட்சத்துக்கு நான் எங்கயக்கா போறது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர், "20,000 தாங்கோ, கையெழுத்து வைக்க ரெண்டு ஆள் நான் தாறன்" என்றார். தோட்டைக் கழற்றி அடைவு வைக்க அந்தத் தாய் ஆயத்தமாகிவிட்டார்.

சகோதரிகளே, இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ரொக்கப் பிணை என்பது மன்றில் கட்டும் காசு. அதற்குப் பற்றுச்சீட்டு தருவார்கள். பிள்ளை தவணை தவறாமல் மன்றுக்கு வந்தால் வழக்கு முடிந்ததும் அந்தக் காசைத் திரும்பப் பெறலாம். ஆகவே பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். சரீரப் பிணைக்கு அன்று ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. "இவர் தவணைக்கு வருவார், வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு" என்று பிணைகாரர் கையெழுத்திடுகிறார், அவ்வளவுதான். அந்தத் தாய் தேட வேண்டியிருந்தது இரண்டு இலட்சத்தை அல்ல, நம்பிக்கையான இரண்டு மனிதரை.

அமெரிக்காவில் இதையே தொழிலாக நடத்துகிறார்கள். பிணைத் தொகையில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு பிணை நிற்பார்கள். அந்தக் காசு திரும்பி வராது. நமது நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு தொழிலுக்கு இடமில்லை. காசுக்கு வருபவர் பொய்ப் பத்திரம் காட்டினால் அவரோடு சேர்ந்து உங்கள் பிள்ளையும் புதிய சிக்கலில் மாட்டுவான்.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஓடிவிடுவார், சாட்சிகளைக் குழப்புவார், மீண்டும் குற்றம் செய்வார் என்று நம்பக் காரணம் இருந்தால் மன்று மறுக்கலாம். கொலை போன்ற பெருங்குற்றங்களுக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதுகளுக்கு இந்தப் பிணைச் சட்டம் பொருந்தாது. நம்மில் பலர் வருடக்கணக்காகச் சிறை வாசலில் காத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிணை என்றால் விடுதலை என்று எண்ண வேண்டாம். தவணைக்கு வராவிட்டால் பிடியாணை வரும், பிணைகாரருக்கும் அழைப்பு வரும். அதேபோல, பிணை கிடைத்தவர் குற்றவாளி என்றும் பொருளில்லை.

முறைப்பாட்டாளராக நிற்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2006 ஜனவரி 2ஆம் திகதி நமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டதை எந்தத் தாய் மறப்பாள்? அந்த வழக்கில் 2013இல் கைதான விசேட அதிரடிப்படையினர் அதே ஆண்டில் பிணையில் சென்றார்கள். 2019இல் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். ஆகவே எதிரி பிணையில் வந்து உங்களை மிரட்டினால் பேசாமல் இருக்க வேண்டாம். உடனே பொலிஸுக்கும் மன்றுக்கும் தெரியப்படுத்துங்கள். மிரட்டியவரின் பிணையை ரத்துச் செய்யும் அதிகாரம் மன்றுக்கு உண்டு.

அன்று அந்தச் சகோதரி என் கையைப் பிடித்து, "அக்கா, நீங்க ஒரு ஆளா நில்லுங்கோவன்" என்றார். நான் தயங்கினேன். பையனை எனக்குப் பழக்கமில்லை. பிணை நிற்பது இரக்கத்துக்காகப் போடும் கையெழுத்தல்ல, அவனைத் தவணைக்குத் தவணை கூட்டிவரும் பொறுப்பு. "என்னால ஏலாது" என்று சொன்னபோது மனம் கனத்தது. ஆனாலும் அவரோடு இருந்து, யாரிடம் கேட்கலாம் என்று யோசித்தோம். பையனின் தாய்மாமன் சம்மதித்தார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கூட இருக்கும் ஒரு பெண்ணும் வந்தார். ஆனால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் கையில் இல்லை. அதை எடுத்து வருவதற்குள் மன்று முடிந்துவிட்டது. பிள்ளை இன்னுமோர் இரவு உள்ளே கிடந்தான். தோடு மட்டும் தாயின் காதிலேயே இருந்தது.

ஆகவே சகோதரிகளே, வீட்டில் ஒருவர் விளக்கமறியலில் இருந்தால் தவணைக்கு முன்பே இவற்றைச் செய்து வையுங்கள். பிணை நிற்கச் சம்மதிக்கும் இரண்டு பேரைக் கேட்டு வையுங்கள். அவர்களின் அடையாள அட்டையும் வதிவிடச் சான்றிதழும் தயாராக இருக்கட்டும். வேறு என்ன பத்திரம் தேவை என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். தொகை தாங்க முடியாததாக இருந்தால், நகர்த்தல் பத்திரம் மூலம் குறைக்கும்படி கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வறியவர்களுக்கு இலவசமாக உதவுவதற்கென்றே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அது அமைக்கப்பட்டது.

அந்தப் பிள்ளை வீணாக உள்ளே கழித்த ஓர் இரவு உங்கள் பிள்ளைக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன். அடுத்த மாதம் சந்திப்போம்.