கோணல் கத்தரிக்காயின் கணக்கு

கடையில் இரண்டு கூடை கத்தரிக்காய் இருக்கிறது. ஒன்றில் காய்கள் பளபளவென்று, அச்சில் வார்த்த மாதிரி. மற்றொன்றில் கொஞ்சம் கோணலும் மாணலும். ஒன்றிரண்டில் புழு எட்டிப் பார்த்துவிட்டுப் போன அடையாளம். "இயற்கை உரம் போட்டு விளைந்தது, அம்மா" என்று கடைக்காரர் இரண்டாவதற்குத்தான் அதிக விலை சொல்கிறார்! "சொத்தைக்கா இந்த விலை?" என்று எந்தக் குடும்பத் தலைவிக்கும் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த விலைக்குள் ஒரு குடியானவரின் கணக்கும் அடங்கியிருக்கிறது.

ரசாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் விட்டு, தொழு உரம், தழை உரம், வேப்பம் பிண்ணாக்கு என்று திரும்புகிறவருக்கு லாபம் இல்லாமலில்லை. மருந்துக் கடையில் கடன் ஏறாது. தெளிக்கும்போது விஷத்தைச் சுவாசிக்க வேண்டாம். மக்கு சேர்ந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். மண்புழு கூலி கேட்காமல் உழும். உர உப்பு கிணற்று நீரில் கலப்பது குறையும். சாப்பிடுகிற நமக்கோ, காயில் தங்கும் மருந்தின் மிச்சம் குறைவு.

ஆனால் இதெல்லாம் முதல் வருஷமே கைக்கு வந்துவிடாது. பழக்கப்பட்ட உரத்தை நிறுத்தியதும் பல வயல்களில் மகசூல் இறங்கும். களையெடுக்கும் கூலி ஏறும். சான்றிதழ் விதியோ, ஓராண்டுப் பயிருக்குப் பொதுவாக 2 வருஷமும், மா, தென்னை போன்றவற்றுக்கு 3 வருஷமும் காத்திருக்கச் சொல்கிறது. அதுவரை பாடு புதிது. விலை மட்டும் பழையது! இந்தக் காலத்தில் மனம் தளராமல் இருப்பது லேசான காரியமா?

அவசரம் உதவாது என்பதற்கு இலங்கையே சாட்சி. 2021 மே மாதம் அந்நாட்டு அரசாங்கம் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டது. போதிய இயற்கை உரம் கைவசம் இல்லை. குடியானவர்களுக்குப் பயிற்சியும் இல்லை. நெல்லும் தேயிலையும் விளைச்சலில் சரிந்தன. நவம்பரிலேயே தடையை விலக்கிக் கொள்ள வேண்டியதாயிற்று. சிக்கிம் மாநிலமோ 2003-ல் தீர்மானித்து, படிப்படியாக உரத்தைக் குறைத்து, 2016 ஜனவரியில்தான் முழு இயற்கை வேளாண்மை மாநிலம் என்ற பெயரை வாங்கியது. பதின்மூன்று வருஷப் பொறுமை!

பொறுமை என்றால் கோவை மாவட்டம் தேக்கம்பட்டி பாப்பம்மாளை மறக்க முடியுமா? சிறு கடை நடத்தி, மிச்சம் பிடித்த காசில் நிலம் வாங்கியவர். நூறு வயதைத் தாண்டியும் இயற்கை முறையில் பயிர் செய்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2024 செப்டம்பரில் காலமானார்.

நாம் செய்யக் கூடியது என்ன? பொட்டலமாக வாங்கினால் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சிறு விவசாயி நேரில் கொண்டுவந்து விற்றால், "எத்தனை வருஷமாக இந்த முறை? என்ன உரம்?" என்று விசாரியுங்கள். "இரண்டாவது வருஷந்தான், அம்மா" என்று ஒளிக்காமல் சொல்கிறவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எல்லாக் காயையும் மாற்ற மாதச் சம்பளம் இடம் கொடாது, வேண்டியதுமில்லை. வாரத்துக்கு ஒரு கீரை, ஒரு காய் அவரிடமே தவறாமல் வாங்கினால் போதும். சொத்தையை நறுக்கி எறிய நமக்கு ஒரு நிமிஷம். நிச்சயமான வாடிக்கை நாலு வீடு இருந்தால், மூன்றாம் வருஷம் வரை அவர் தாக்குப் பிடித்துவிடுவார்.