மறுபிறவியும் சிலுவையும்

கிறிஸ்தவத்துக்கும் மறுபிறவிக் கொள்கைக்கும் எப்படியாவது கல்யாணம் செய்து வைத்துவிட வேண்டும் என்று ஒரு கூட்டம் கங்கணம் கட்டிக்கொண்டு நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாரையும் கேட்கவில்லை; பெண் வீட்டாரையும் கேட்கவில்லை. தரகர்களுக்கு மட்டும் ஏக உற்சாகம். எல்லா மதமும் ஒன்றே என்று மேடையில் முழங்கும் நம்மூர் சமரசவாதிகள் இதில் உண்டு. மேல்நாட்டு ஆன்மிகப் புத்தக வியாபாரிகளும் உண்டு. அமெரிக்காவில் ப்யூ ஆய்வு மையம் 2009-ல் எடுத்த கணக்கின்படி, அந்நாட்டுக் கிறிஸ்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் மறுபிறவியை நம்புகிறார்களாம். ஆகவே இது நாலு பேர் பொழுதுபோக்காகப் பேசிவிட்டுப் போகிற விஷயம் அல்ல.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இந்தக் கல்யாணம் நடக்காது. வலுவில் நடத்தினால் இரண்டு குடும்பத்துக்கும் கௌரவக் குறைவு.

தரகர்கள் நீட்டும் ஜாதகங்களைப் பார்ப்போம். முதல் ஜாதகம் ஒரு சதிக்கதை. ஆதிக் கிறிஸ்தவர்கள் மறுபிறவியை நம்பினார்களாம். 553-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சபைச் சங்கம், தியோடோரா மகாராணியின் தூண்டுதலால், அதை பைபிளிலிருந்தே அழித்துவிட்டதாம். கதை என்னவோ விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் தியோடோரா 548-லேயே இறந்துபோனாள். இறந்து ஐந்து வருஷம் கழித்து ஒரு சங்கத்தை ஆட்டிவைக்க வேண்டுமானால் அவள் மறுபிறவி எடுத்துத்தான் வந்திருக்க வேண்டும்! அதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் முந்தைய பைபிள் கையெழுத்துப் பிரதிகள் லண்டனிலும் வாட்டிகனிலும் இன்றும் இருக்கின்றன. அழிக்கப்பட்டதாகச் சொல்லும் அந்தப் பகுதி அவற்றிலும் இல்லை.

அந்தச் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கண்டனங்கள் அலெக்ஸாந்திரியாவின் ஒரிஜன் என்ற மூன்றாம் நூற்றாண்டு அறிஞரின் பெயரால் பரவிய கொள்கைகளைப் பற்றியவை. ஆத்மா உடலுக்கு முன்பே இருந்தது என்பது ஒன்று; கடைசியில் எல்லா ஆத்மாக்களும் கடவுளிடமே மீளும் என்பது இன்னொன்று. முன்பே இருந்தது என்பது வேறு, செத்துச் செத்துப் பிறக்கிறது என்பது வேறு. வாடகைக்கு வருமுன் ஒருவன் எங்கோ இருந்தான் என்றால், வீடு மாறிக்கொண்டே இருப்பான் என்று ஆகிவிடுமா? ஒரிஜனே மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதிய உரையில், ஆத்மா கூடு விட்டுக் கூடு பாயும் கொள்கை சபைக்கு அந்நியமானது என்று மறுத்திருக்கிறார்.

இரண்டாம் ஜாதகம், யோவான் ஸ்நானகன்தான் வரவேண்டிய எலியா என்று இயேசு சொன்னது. ஆனால் பழைய ஏற்பாட்டின்படி எலியா சாகவே இல்லை. சுழல்காற்றில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர். சாகாதவருக்கு மறுபிறவி ஏது? நீ எலியாவா என்று யோவானிடமே கேட்டபோது அவர் இல்லை என்றார். யோவான் தலை வெட்டுண்ட பிறகு மலைமேல் மோசேயோடு தரிசனமானவரும் எலியாவே, யோவான் அல்ல. எலியாவின் ஆவியும் பலமும் பெற்று வருவான் என்று லூக்கா எழுதியதே இதற்குப் போதுமான விளக்கம்.

மூன்றாவதுதான் நெஞ்சைத் தொடுவது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, பெற்றவர்கள் செய்ததா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். பிறக்குமுன் பாவம் செய்திருக்க முடியும் என்றால் முற்பிறவி உண்டு என்றுதானே அர்த்தம் என்கிறார்கள் தரகர்கள். கேள்வியைப் படித்தவர்கள் பதிலையும் படித்திருக்கலாம். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தரையில் துப்பிச் சேறுண்டாக்கி, அவன் கண்ணில் பூசி, குளத்தில் கழுவி வரச் சொல்கிறார். அதே அத்தியாயத்தின் முடிவில், முழுக்கப் பாவத்தில் பிறந்தவன் நீ என்று அவனைத் திட்டித் துரத்துகிறவர்கள் பரிசேயர்கள். பிறவிக் குறைக்குப் பழைய கணக்கைத் தேடும் குரலை அந்த அத்தியாயம் யார் வாயில் வைக்கிறது என்று கவனியுங்கள்.

இதற்காக நான் நம் தேசத்துக் கர்மக் கொள்கையைக் கேலி செய்யவில்லை. அது பெரிய மனங்கள் பல நூற்றாண்டு சிந்தித்துக் கட்டிய மாளிகை. ஆனால் அந்த மாளிகையில் பிறவி என்பது பரிசு அல்ல; பிணி. நம் அடியார்கள் பிறவா வரம் வேண்டித்தான் கதறினார்கள். தரகர்கள் விற்கும் மறுபிறவியிலோ அந்தக் கதறலே இல்லை. பரீட்சையில் தேறாதவனுக்கு மறு பரீட்சை, அவ்வளவுதான். கிறிஸ்தவத்திலிருந்து நியாயத்தீர்ப்பின் பயத்தைக் கழித்து, இந்து சமயத்திலிருந்து சம்சாரத்தின் சலிப்பைக் கழித்து, மிஞ்சிய இரண்டு சக்கைகளையும் கலந்து சர்பத் என்று கொடுக்கிறார்கள்.

இரண்டையும் மெய்யாகவே சேர்த்து வாழ்ந்தவர்கள் சரித்திரத்தில் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் தென் பிரான்ஸில் இருந்த காத்தார்கள். 1244-ல் மோன்ட்ஸெகூர் கோட்டை விழுந்தபோது அவர்களில் இருநூறுக்கு மேற்பட்டவர்களை உயிரோடு கொளுத்தினார்கள். நெருப்பு வாதமாகாது, கொளுத்தியவர்களுக்காக நான் வெட்கப்படுகிறேன். ஆனால் காத்தார்கள் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். உடல் சிறைச்சாலை, தீயசக்தியின் சிருஷ்டி என்று அவர்கள் சொல்ல வேண்டி வந்தது. அப்போது கிறிஸ்து மெய்யான உடல் எடுத்ததும், சிலுவையில் வலித்ததும், அந்த உடலோடே எழுந்ததும் வெறும் தோற்றமாகிவிட்டன. உடலைச் சட்டைபோல் கழற்றிப் போடலாம் என்றால் உயிர்த்தெழுதலுக்கு என்ன வேலை?

இதை நம் மண்ணிலேயே புரிந்துகொண்டவர் ராபர்ட் டி நொபிலி. 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்து, மாமிசம் விலக்கி, தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். குடுமியும் பூணூலும் சந்தனமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தம் சபையாரோடேயே போராடி, 1623-ல் போப்பாண்டவரின் அனுமதியையும் பெற்றார். இவ்வளவு விட்டுக்கொடுத்த மனிதர் மறுபிறவியில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை மறுத்து ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று தமிழில் தனி நூலே எழுதினார். அவர் வாதங்கள் நமக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் எதிரியின் கொள்கையை எதிர்க் கொள்கையாகவே மதித்து வாதாடினார். உங்களுடையதும் எங்களுடையதும் ஒன்றுதான் என்று தட்டிக்கொடுப்பதைவிட அது பெரிய மரியாதை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தரகர்களுக்கு வாடிக்கை சேருவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மாதத்தில் செத்த குழந்தைக்கு என்ன நியாயம்? அற்ப ஆயுசில் செய்த தவற்றுக்கு முடிவில்லாத நரகமா? இந்தக் கேள்விக்குப் பிரசங்க மேடையிலிருந்து வந்த பதில்கள் பல நேரங்களில் இரக்கமற்றவை. ஆனால் இதற்கு மருந்து தேட வெளியூர் போக வேண்டியதில்லை. நாலாம் நூற்றாண்டில் நீசா நகரத்துக் கிரகோரி, கடைசியில் எல்லாரும் சுத்தமாகிக் கடவுளிடம் சேருவார்கள் என்று நம்பினார். ஆத்மா உடல் விட்டு உடல் தாவும் என்பதை மறுக்கவும் செய்தார். அவரைச் சபை இன்றும் புனிதர் என்றே கொண்டாடுகிறது. நம்பிக்கைக்கு அந்த வீட்டிலேயே இடம் இருக்கிறது.

கதை படிக்கிறவர்களுக்கு ஒரு கதையைச் சொல்லி முடிக்கிறேன். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ 1899-ல் வந்தது. தான் கெடுத்த பெண் குற்றவாளிக் கூண்டில் நிற்பதை, ஜூரியாக உட்கார்ந்த நெஹ்லூதவ் பார்க்கிறான்; அவளைத் தொடர்ந்து சைபீரியாவரை போகிறான். அடுத்த பிறவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்திருந்தால் நாவல் முதல் சில அத்தியாயங்களிலேயே முடிந்திருக்கும். கிறிஸ்தவம் சொல்லும் மறுபிறப்பு அதுதான்: இதே உடலில், இதே பெயரில், நாம் கெடுத்த அதே மனிதரின் முன்னால். அதற்குக் கொடுத்திருக்கும் தவணை ஒரு ஆயுசு. அதை நீட்டித்துத் தருகிறோம் என்கிறவர்களை நம்பாதீர்கள். அந்தத் தவணை அவர்கள் கையில் இல்லை.