விரல் வலிக்குதா? விட்றாதீங்க!

போன வாரம் கேன்டீன் சாம்பாரை வெச்சு ஓட்டினோம். இந்த வாரம் கொஞ்சம் கலைப் பக்கம் ஒதுங்குவோமா?

எல்லா காலேஜ்லயும் ஒரு கிடார் பார்ட்டி இருப்பார். கல்ச்சுரல்ஸ்ல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ரெண்டு தட்டு தட்டுவார். மொத்த ஆடிட்டோரியமும் செல்போன் லைட்டை ஆன் பண்ணி ஆட்டும். அதைப் பார்த்து, 'நாமளும் கத்துக்கிட்டா என்ன?'னு உங்களுக்குள்ள ஒரு பல்பு எரிஞ்சிருக்கா? எனக்கும் எரிஞ்சது. மூணாவது நாளே அந்த பல்பை நான் கையில வாங்கினேன்!

பாஸ் அவுட் ஆன சீனியர் அண்ணன்கிட்ட 2,500 ரூபாய்க்கு ஒரு பழைய அக்யூஸ்டிக் கிடார் வாங்கினேன். உள்ளே ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்துட்டு, "மச்சி, கிப்ஸன்டா! அமெரிக்கா பீஸு!"னு துள்ளினான் என் கிளாஸ்மேட். எழுத்துக்கூட்டிப் படிச்சா அது 'கிவ்ஸன்'. நம்ம கொல்கத்தா கம்பெனி! சரி, எந்த ஊரா இருந்தா என்ன, ஆறு கம்பி இருக்குல்லனு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன்.

விரலுக்கு வந்த சோதனை

யூ-டியூப்ல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வாசிக்கிறாங்க. வலிக்கும்னு ஒருத்தரும் சொல்லலை பாஸ்! அக்யூஸ்டிக் கிடார்ல இருக்கறது ஸ்டீல் கம்பி. சாதாரண 'லைட்' செட்ல ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற விசை ஏறக்குறைய 70 கிலோ. ஒரு முழு ஆளோட எடை. அதை நம்ம பிஞ்சு விரல் நுனியால அழுத்தணும். ஒரு வாரத்துல நாலு விரலும் சிவந்து, தோல் உரிஞ்சு, லேப்ல கீபோர்டு தட்டவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அம்மா ரசத்துல கை வெச்சுப் பிசையும்போது கத்தினேன் பாருங்க, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாங்க.

ஈரோட்டுல சர்ச் கொயர்ல வாசிக்கிற ஒரு அண்ணாகிட்ட கிடாரைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துட்டுச் சிரிச்சார். "தம்பி, பாதி வலி உன் விரல்ல இல்ல, இந்தக் கம்பியில இருக்கு"ன்னார். 12-வது ஃப்ரெட்கிட்ட கம்பிக்கும் கட்டைக்கும் நடுவுல ஸ்கேல் வெச்சு அளந்தார். 5 மில்லிமீட்டர்! 2-லேர்ந்து 3-க்குள்ள இருந்தா போதுமாம். கீழே இருக்கற வெள்ளைக் கட்டையை, அதாவது சாடிலை, அடிப்பக்கம் தேய்ச்சு இறக்கிக் கொடுத்தார். துருப்பிடிச்ச கம்பியைக் கழட்டிட்டு 'எக்ஸ்ட்ரா லைட்' கம்பி மாட்டினார். கிடாரே மாறிப்போன மாதிரி இருந்தது. 'எனக்கு இது வராது'னு நீங்க மூலையில சாத்தி வெச்சிருக்கீங்களா? முதல்ல ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்க!

தறி வீட்டுல கிடார்

எங்க ஊர் குமாரபாளையம். காவிரிக்கு அந்தப் பக்கம் ஜமக்காளத்துக்குப் பேர்போன பவானி. இந்தப் பக்கம் லுங்கியும் துண்டும் நெய்யற நாங்க. ஆத்துப் பாலத்துலேர்ந்து இறங்கி எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் 'டடக் டடக்' கேட்கும். எங்க வீட்டோட ஒட்டி நாலு விசைத்தறி. கூலிக்கு ஓட்டறோம். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி நிப்பாங்க.

அந்தச் சத்தத்துல கிடார் வாசிச்சா எப்படி இருக்கும்? நான் தட்டறது எனக்கே கேட்காது. செல்போன் ட்யூனர் ஆப் என் கம்பியை விட்டுட்டு தறியைக் கேட்டு மிரளும். அதுக்கும் அண்ணாதான் வழி சொன்னார்: கிளிப் ட்யூனர். கிடார் தலையில கவ்வ விட்டா, அது காத்துல வர்ற சத்தத்தைக் கேட்காது, கட்டையோட அதிர்வைத்தான் பார்க்கும். ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ... தடிச்ச கம்பியிலேர்ந்து மெலிசு வரைக்கும் வரிசையா சுதி சேர்த்துடலாம்.

இன்னொரு லாபமும் இருக்கு. பிகினர்ஸ் எல்லாரையும் 'மெட்ரோனோம் வெச்சு பிராக்டிஸ் பண்ணு'ம்பாங்க. எனக்கு வீடே மெட்ரோனோம்! எங்க தறியை எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 120-ஐ ஒட்டி. ரெண்டு அடிக்கு ஒரு தட்டுனு வெச்சா, 60. கத்துக்குட்டிக்குக் கச்சிதமான வேகம்!

ஆனா, காது கொடுத்துக் கேட்கணும்னா அமைதி வேணும். எந்தக் கம்பி உளறுது, எந்த விரல் பக்கத்துக் கம்பியை இடிக்குதுனு அப்பத்தான் தெரியும். எங்க தெருவுல அமைதி எப்ப வரும்னா, மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்குக் கரண்ட்டை நிறுத்தறப்ப. காலையில 9 மணிக்குப் போனா சாயந்திரம்தான் வரும்.

கரண்ட் போன நாள்

அப்படி ஒரு நாள். தறி எல்லாம் நின்ன செகண்ட்ல, "ஹையா! கரண்ட் போச்சு!"னு கத்திக்கிட்டே கிடாரைத் தூக்கினேன். கதவுகிட்ட அப்பா நின்னுட்டு இருந்தார். ஒண்ணும் சொல்லலை. தோள்ல இருந்த துண்டை உதறிப் போட்டுட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்தார்.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. தறி ஓடினா மீட்டருக்கு இவ்வளவுனு கூலி. நின்னா, பைசா கிடையாது. எனக்குக் கச்சேரி நாள், அவருக்குக் கூலி இல்லாத நாள். என் செமஸ்டர் ஃபீஸும் அந்த மீட்டர் கணக்குலேர்ந்துதான் வருது. கிடாரை உறையில போட்டு பரண்ல ஏத்திட்டேன். ரெண்டு வாரம் தொடவே இல்லை.

அந்த ரெண்டு வாரத்துல படிச்ச ஒரு கதையைச் சொல்றேன், கேளுங்க. டோனி ஐயோமி. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்காரர். ஷீட் மெட்டல் ஃபேக்டரியில வேலை. 1965-ல், 17 வயசுல, வேலையை விட்டு நிக்கிற கடைசி நாள் அன்னிக்கு மெஷின்ல மாட்டி வலது கையில ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. அவர் இடது கைப் பழக்கக்காரர். கம்பியை அழுத்த வேண்டியதே அந்த விரல்கள்தான்! 'இனி கிடார் அவ்வளவுதான்'னு உட்கார்ந்தவர்கிட்ட ஃபேக்டரி மேனேஜர் ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசிச்சது. 1928-ல் தீ விபத்துல இடது கையில ரெண்டு விரல் முடங்கி, மீதி விரல்களை வெச்சே உலகத்தை அசத்தின ஜாஸ் கிடாரிஸ்ட் அவர். ஐயோமி எழுந்துட்டார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சார். வலிக்காம இருக்க மெல்லிசான கம்பி போட்டார். 1968-ல் நண்பர்களோட தொடங்கின அவரோட பேண்ட்தான் பின்னால 'பிளாக் சபாத்'னு பேர் மாத்திக்கிட்டு ஹெவி மெட்டல் இசைக்கே பிள்ளையார் சுழி போட்டது!

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? பண்ணைப்புரத்துலேர்ந்து சென்னைக்குக் கிளம்பினப்ப, வீட்டு ரேடியோவை வித்து அம்மா 400 ரூபாய் கொடுத்து அனுப்பினதா இளையராஜாவே சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை, லண்டன் டிரினிட்டி காலேஜோட கிளாசிக்கல் கிடார் பரீட்சை, மத்த இசையமைப்பாளர்கள்கிட்ட கிடார் வாசிக்கிற வேலை... 1976-ல் 'அன்னக்கிளி' வர்றதுக்கு முன்னாடி அவர் கை எவ்வளவு காய்ச்சிருக்கும்!

'காய்ப்பு'னு சொன்னதும் ஞாபகம் வருது. அடுத்த கரண்ட் கட் அன்னிக்கு பரண்லேர்ந்து கிடாரை இறக்கினது நான் இல்லை, அப்பா! "ஏன்டா, காசு குடுத்து வாங்கிட்டு மேல போட்டு வெச்சிருக்கே? வாசி, கேக்கலாம்"னார். தயங்கித் தயங்கி ஈ மைனர் தட்டினேன். தலையைச் சாய்ச்சுக் கேட்டார். அப்புறம் பாவு நூலைத் தொடற மாதிரி ஒவ்வொரு கம்பியையும் விரலால அமுக்கிப் பார்த்தவர், "இந்த மூணாவது தொய்வா இருக்கே?"ன்னார். கிளிப் ட்யூனரை மாட்டினேன். ஜி கம்பி நிஜமாவே இறங்கியிருந்தது! இருபத்தஞ்சு வருஷமா நூலோட இழுவையைத் தொட்டே சொல்ற விரல் அது.

என் கையைத் திருப்பிப் பார்த்தார். நுனியில தோல் தடிச்சிருந்தது. "எனக்கு முடிச்சுப் போடவே ஆறு மாசம் ஆச்சு. கை பழகற வரைக்கும்தான் வலி"ன்னார். அதுக்குள்ள உள்ளேயிருந்து அம்மா, "ஏங்கண்ணு, அரியரு எழுதறதுக்கும் அந்தக் கை பழகட்டும்!" சபையில இது தேவையா தாயே!

சரி, நீங்க என்ன பண்ணணும்?

* தினமும் 15 நிமிஷம் போதும். ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் வாசிச்சா விரல் புண்ணாகுமே தவிர, பழகாது. விடாம வாசிச்சா மூணு, நாலு வாரத்துல நுனி காய்ச்சு வலி குறைஞ்சிடும். தோல் உரிஞ்சு புண்ணாயிட்டா மட்டும் ரெண்டு நாள் லீவு விடுங்க.

* விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாப்ல, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி வைங்க. பாதி பலத்துலயே சுத்தமா சத்தம் வரும்.

* முதல்ல ஈ மைனர். ரெண்டே விரல்தான். அப்புறம் ஏ மைனர், சி, ஜி, டி.

* கார்டு மாத்தறதுதான் நிஜமான பரீட்சை. ஒரு நிமிஷம் டைம் வெச்சு, ஈ மைனர்லேர்ந்து சி-க்கு எத்தனை தடவை மாத்த முடியுதுனு எண்ணுங்க. எனக்கு முதல் நாள் 9. இப்ப 34. நோட்டுல எழுதி வைங்க, வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

* எஃப் கார்டு எல்லாரையும் அழ வைக்கும். ஒரே விரலால ஆறு கம்பியையும் அமுக்கணும். கம்பி கட்டையில தாங்கி நிக்கிற முதல் ஃப்ரெட்லதான் அமுக்கறது ரொம்பக் கஷ்டம். அதனால அதே பிடியை 5-வது ஃப்ரெட்ல பழகிட்டு, மெதுவா கீழே இறங்கி வாங்க.

நான் இப்ப 3-வது ஃப்ரெட் வரைக்கும் இறங்கியிருக்கேன். காலையில 6 மணிக்குக் காவிரிப் படித்துறையில உட்கார்ந்து வாசிக்கிறேன். துணி துவைக்க வர்ற அக்காங்க, "தம்பி, இன்னும் பாட்டு வரலையா?"னு கேட்டுட்டுப் போறாங்க. வரும்க்கா, வரும்.

கரண்ட் கட்டுக்கு மட்டும் இப்பல்லாம் நான் 'ஹையா' சொல்றதில்லை.

அடுத்த வாரம் வேற மேட்டரோட மீட் பண்ணுவோம். அதுக்குள்ள ஸ்கேலை எடுங்க பாஸ்!