ஒரு வெள்ளைப் புள்ளி

வாக்காளர் அடையாள அட்டை போட்டோவில் நம்மை நாமே கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சென்னைக்காரர் ஒருவர், நிலாவில் விழுந்து நொறுங்கிய இயந்திரத்தின் துண்டு ஒன்றைப் போட்டோவில் கண்டுபிடித்தார். பெயர் சண்முக சுப்ரமணியன். மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் படித்துவிட்டு கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். வானியல் அவர் தொழில் இல்லை. 2019 டிசம்பரில் எல்லாப் பேப்பரிலும் வந்ததே, ஞாபகம் இருக்கும். நாமும் 'தமிழன்டா!' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.

காலரை இறக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்கலாமா? அவர் தேடியது இந்திய விண்கலத்தை. தேடிய படம் அமெரிக்காவுடையது. ஏன் சார்?

2019 செப்டம்பர் 7 விடிகாலை, சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் இறங்குகலம் நிலாத் தரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபோது பேச்சை நிறுத்திக்கொண்டது. மறுநாளே இஸ்ரோ தலைவர் சிவன், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் நம் ஆர்பிட்டர் விக்ரமைப் படம் பிடித்துவிட்டது, இருக்கிற இடம் தெரிந்துவிட்டது என்றார். நல்லது. படம் எங்கே? காட்டவில்லை. அந்த ஆர்பிட்டரில் இருப்பது சாதாரண கேமரா அல்ல. 30 சென்டிமீட்டர் அளவைக்கூடப் பிரித்துக் காட்டக்கூடியது. நாசாவின் எல்.ஆர்.ஓ. கலத்தில் இருப்பதைவிடக் கூர்மையானது.

நாசா என்ன செய்தது? செப்டம்பர் 17 அன்று அந்த வட்டாரத்தைப் படமெடுத்தது. தென் துருவத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளிய இடம். சூரியன் அடிவானத்தை ஒட்டி, ஆறு டிகிரி உயரத்தில்தான் இருந்தது. சின்னக் கல்லுக்கும் தென்னை மரம்போல நிழல். அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. செப்டம்பர் 26 அன்று, 'எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்று ஒப்புக்கொண்டு, முழுப் படத்தையும் ஊருக்குப் பொதுவாக வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு கிடையாது, மனு கிடையாது.

சண்முகம் இறக்கிக்கொண்டார். அதே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார். பழையதில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி புதியதில் இருந்தது. ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு பிக்சல். நிலாத் தரையில் 1.3 மீட்டர். நாசாவுக்கு எழுதினார். அவர்கள் 'யாருய்யா நீ?' என்று கேட்கவில்லை. அக்டோபரிலும் நவம்பரிலும் நல்ல வெளிச்சத்தில் மறுபடி படமெடுத்துப் பார்த்தார்கள். அந்தப் புள்ளியிலிருந்து 750 மீட்டர் தள்ளி, விக்ரம் மோதிய இடமே கிடைத்துவிட்டது. டிசம்பர் 2 அன்று அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள்.

நம் தரப்பிலிருந்து வந்த பதில், 'நாங்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டோம்' என்பது. இருக்கலாம். நான் சந்தேகப்படவில்லை. பரீட்சையில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையைக் காட்டாத பையனுக்கு நம் கணக்கு வாத்தியார் எத்தனை மார்க் போடுவார்?

உடனே சிலர் கிளம்புவீர்கள். 'இதெல்லாம் படிச்சவங்க பார்க்க வேண்டிய விஷயம். கண்டவன் கையில் படத்தைக் கொடுத்தால் நிலாவில் கோயில் தெரியுது, செவ்வாயில் முகம் தெரியுதுன்னு கதை கட்டுவான்.' கட்டினார்கள், வாஸ்தவம். 1976 ஜூலை 25 அன்று வைகிங்-1 எடுத்த ஒரு செவ்வாய்ப் படத்தில், சிடோனியா என்ற வட்டாரத்தில், மனித முகம் போல ஒரு குன்று. வெளிச்சமும் நிழலும் செய்த வேலை என்று நாசாவே சொல்லித்தான் வெளியிட்டது. விட்டார்களா? இருபது வருஷத்துக்குப் புத்தகம் போட்டுச் சம்பாதித்தார்கள். ஆனால் அந்தக் கதை எப்படி அடங்கியது? அதிகாரி மறுப்பு அறிக்கை விட்டதால் இல்லை. 1998-லும் 2001-லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் அதே குன்றைப் பத்து மடங்கு, இருபது மடங்கு துல்லியமாக எடுத்தது. எடுத்த படங்களை வெளியிட்டார்கள். மூக்கும் இல்லை, முழியும் இல்லை, வெறும் மொட்டைக் குன்று. மூடி வைத்திருந்தால் இன்றைக்கும் அங்கே ஒரு ராஜா உட்கார்ந்திருப்பார்.

படிச்சவங்க சமாசாரத்துக்கு வருகிறேன். 1979 மார்ச் 8. வாயேஜர்-1 வியாழனைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்து, சுமார் 45 லட்சம் கிலோமீட்டர் தூரத்திலிருந்து, வியாழனின் நிலவான அயோவை ஒரு படம் எடுத்தது. ஆராய்ச்சிக்காக அல்ல, கலம் எங்கே போகிறது என்று வழி பார்ப்பதற்காக. அதைப் பரிசோதித்தவர் லிண்டா மொராபிட்டோ, வழி கணக்கிடும் பிரிவில் எஞ்சினீயர். படங்களை ஆராயும் விஞ்ஞானிகள் குழுவில் அவர் இல்லை. பின்னணியில் மங்கலாக உள்ள நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பதற்காகப் படத்தின் பிரகாசத்தை ஏற்றினார். அயோவின் ஓரத்தில் குடை விரித்த மாதிரி ஒன்று, 270 கிலோமீட்டர் உயரத்துக்கு. எரிமலை! பூமிக்கு வெளியே, வெடித்துக்கொண்டிருக்கும்போதே மனிதன் பார்த்த முதல் எரிமலை. அயோ உள்ளே உருகியிருக்க வேண்டும் என்று மூன்று விஞ்ஞானிகள் ஒரு வாரம் முன்னால்தான் கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள். கணக்கு ஒரு பக்கம் சரியாக இருந்தது. ஆனால் கண்ணில் பட்டது, வேறு எதையோ தேடியவருக்கு.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு மரியாதை தருவேன். 'பத்து வருஷம் பாடுபட்டு கேமரா கட்டியது நான். முதல் கட்டுரையை நான் எழுத வேண்டாமா?' நியாயம். ஐரோப்பாவின் ரோசெட்டா 2014-ல் வால்நட்சத்திரத்தை அடைந்தபோது, முக்கிய கேமராவின் படங்களுக்கு ஆறு மாத உரிமை கேட்டதும் இதற்காகத்தான். ஆனால் 2004-ல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி படங்கள் வந்த கையோடு இணையத்துக்குப் போயின. அதனால் அந்த விஞ்ஞானிகள் கட்டுரை இல்லாமல் பட்டினி கிடந்துவிடவில்லை. 2016-ல் வியாழனை அடைந்த ஜூனோவின் கேமராவுக்குப் படத்தைச் சீர்படுத்தும் தனிக் குழுவே வைக்கவில்லை. கச்சாப் படத்தை அப்படியே போடுவார்கள், மற்றதை ஆர்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் பார்த்து வாய் பிளந்த வியாழன் சுழல் படங்களில் பல, யாரோ வீட்டில் உட்கார்ந்து ராத்திரி கண்விழித்துச் செய்தவை.

நம் மங்கள்யான் 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்தது. முதல் வருஷத் தரவு பொதுமக்களுக்கு வந்தது 2016 செப்டம்பரில். (அதே வருஷம் 2000 ரூபாய் நோட்டின் முதுகில் மங்கள்யான் படம் அச்சானது. அதாவது எல்லார் கைக்கும் வந்தது. பிறகு அந்த நோட்டும் போயிற்று.) சந்திரயான்-2 தரவு 2020 டிசம்பரில் திறந்தது. பெயர் கொடுத்துப் பதிவு செய்து, உள்ளே போய், ஃபைலைத் திறக்கத் தெரிந்தால் பார்க்கலாம். 2023-ல் சந்திரயான்-3 இறங்கியபோது படங்கள் ஓரளவு சீக்கிரமே வந்தன. அதற்கு என் பாராட்டு. ஆனால் அவை பொறுக்கி எடுத்த படங்கள், ஜெயித்த படங்கள். ஜெயித்தால் உடனே, தோற்றால் பிறகு என்பது ஆல்பம் போடுகிறவர் பழக்கம். 978 கோடி ரூபாய் உங்களுடையது, சந்திரயான்-2-க்காக. நொறுங்கினாலும் உங்களுடையதுதான்.

அடுத்து சந்திரயான்-4. நிலா மண்ணை அள்ளிக்கொண்டு வரப்போகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. கேமரா இல்லாமல் போகாது. எடுக்கிற கச்சாப் படம் எத்தனை நாளில் வெளியே வரும் என்பதை உங்கள் எம்.பி.யிடம் இப்போதே ஒரு கேள்வியாக எழுதிக் கொடுங்கள். போன பிறகு கேட்டால் ஒரு காரணம் தயாராக இருக்கும்.