மழையில் வால் சுற்றும் வண்டிகள்! மொட்டை டயருக்கு யார் பொறுப்பு?

ஐப்பசி வந்தால் சென்னைக்கு மழை. மழை வந்தால் ரோடெல்லாம் வழுக்கல். கத்திப்பாரா மேம்பால வளைவில் ஒரு வண்டி வால் சுற்றி நின்றால் போதும், கூடுகிற கூட்டம் ஒரே குரலில் சொல்லும்: "டிரைவர் சரியில்லப்பா!"

டிரைவர் மட்டும்தானா குற்றவாளி?

பின் சக்கரம் தள்ளுது!

குட்டி யானை, ஈக்கோ, பொலிரோ, இன்னோவா க்ரிஸ்டா... இதெல்லாம் பின் சக்கரம் தள்ளி ஓடுகிற வண்டிகள். என்ஜின் கனமோ முன்பக்கம். கடையில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் லேசாகிவிடும். ஈர ரோட்டில் பிடிப்பு இருக்காது. வளைவில் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் சும்மா சுற்றும், வால் வெளியே போகும். சட்டென்று சின்ன கியருக்கு இறக்கினாலும் அதே கதிதான்.

முதல் மழைதான் ரொம்ப மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரில் கலந்து வழவழ என்று ஆகிவிடும்.

வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். வால் இழுத்தால் பதறிப்போய் பிரேக்கை அடிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, வால் போகிற பக்கமே ஸ்டியரிங்கை அளவாகத் திருப்பணும். வண்டி நேரானதும் ஸ்டியரிங்கையும் நேராக்கணும்.

"இன்னும் ஒரு மாசம் ஓட்டுப்பா!"

இதெல்லாம் டிரைவர் வேலை. சரி. டயர்?

தள்ளுகிற வேலை பின் டயருக்கு. தேய்வதும் அதுதான். டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் டயர் முடிந்தது என்று அர்த்தம். டிரைவர் போய்ச் சொன்னால் முதலாளி சொல்லும் பதில், "இன்னும் ஒரு மாசம் ஓட்டுப்பா!" ரெண்டு புது டயர்தான் வாங்க முடியும் என்றால் அதைப் பின்னால் போடணும். அதையும் முன்னால் மாட்டச் சொல்கிறவர்கள் உண்டு.

விபத்து நடந்தால்? பஸ்சுக்கு நின்ற அப்பாவி ஆஸ்பத்திரியில். சம்பளத்துக்கு ஓட்டியவன் ஸ்டேஷனில். டயர் காசை மிச்சம் பிடித்தவர் வீட்டில்!

ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கிற டிராபிக் போலீஸ், மழைக்கு முன்னால் குனிந்து பின் டயரையும் பார்க்கட்டும். மொட்டையாக இருந்தால் டிரைவரை விட்டுவிட்டு முதலில் ஓனரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்!