கடிதத்தின் இரண்டாம் பக்கம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் கல்லூரிக் கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து சேர்க்கைக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். "கிடைச்சிருச்சு சார்" என்று கைப்பேசியை நீட்டுவார்கள். முதல் பக்கத்தில் வாழ்த்து இருக்கும். நான் அடுத்த பக்கத்தைக் கேட்பேன். இளங்கலையை இத்தனை சதவீதத்தோடு முடிக்க வேண்டும், ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது, முன்பணம் இவ்வளவு, எல்லாம் இன்ன தேதிக்குள் என்று அங்கேதான் இருக்கும். நிபந்தனையோடு வரும் இந்தக் கண்டிஷனல் ஆஃபரை வைத்து விசா வாங்க முடியாது. நிபந்தனைகள் தீர்ந்து, பல்கலைக்கழகம் சேர்க்கையை உறுதிசெய்யும் 'காஸ்' எண் கொடுத்த பிறகுதான் விசா விண்ணப்பமே.

எனக்கு மதிப்பெண்ணைவிட அந்தத் தேதிதான் கவலை தரும். அதைப் போட்டவருக்கு நம் ஊர்த் தேர்வு நடக்கும் விதம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஏப்ரல், மேயில் கடைசி செமஸ்டர் எழுதினால் முடிவு வர ஜூன், ஜூலை ஆகிவிடலாம். மறுமதிப்பீடு என்றால் இன்னும் தள்ளும். புரொவிஷனல் சர்டிஃபிகேட் அதற்கும் பிறகு. விசா முடிவுக்குச் சாதாரணமாக மூன்று வாரம். வகுப்போ செப்டம்பரில். இந்த நெருக்கடியைப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டியவர் மாணவர்தான். கெடு முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை. தேர்வு அட்டவணை கைக்கு வந்ததுமே எழுதிவிட வேண்டும். விண்ணப்ப எண்ணைப் போட்டு நான்கே வரி: தேர்வு எப்போது முடிகிறது, முடிவை எந்த மாதம் எதிர்பார்க்கிறேன், இதுவரையுள்ள மதிப்பெண் பட்டியல்களை இணைத்திருக்கிறேன், சான்றிதழ் வரும்வரை இணையத்தில் வெளியாகும் முடிவையும் கல்லூரி முதல்வரின் கடிதத்தையும் ஏற்பீர்களா? கெடு நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதைக் கையேந்துவதுபோல் நினைத்து நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. சேர்க்கை அலுவலகத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதே இதற்குத்தான்.

இதை எழுதச் சொன்னால் பலர் "கன்சல்டன்சில பாத்துக்குவாங்க சார்" என்கிறார்கள். விண்ணப்பத்தில் யாருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று கேட்டால் தெரியவில்லை. முகவரியும் கடவுச்சொல்லும் தன் கையில் இல்லாத மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்ன எழுதியது என்றே தெரியாமல் போகும். அவற்றை இன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் குறைந்துவிட்டால்? 65 கேட்ட இடத்தில் 63 வந்தால் அன்றைக்கே பட்டியலை அனுப்பிக் கேளுங்கள். இடம் இருந்தால் சில துறைகள் ஏற்கும். சில, வேறொரு படிப்பைத் தரும். ஜனவரி சேர்க்கைக்கு மாற்றும் இடங்களும் உண்டு. மறுப்பும் வரலாம், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ்ஸில் எழுத்துப் பிரிவு மட்டும் இடறினால் பல்கலைக்கழகமே நடத்தும் கோடைக்கால ஆங்கில வகுப்பு உண்டா என்று விசாரியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கும் பல்கலைக்கழகங்களும் பல இருக்கின்றன. ஆனால் மதிப்பெண் பட்டியலையே "சரிசெய்து" தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அந்த வாசலை விட்டு வெளியேறிவிடுங்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் 10 ஆண்டுகள் வரை பிரிட்டிஷ் விசா கிடைக்காது. இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை!

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல். ஆஃபர் கடிதத்தில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டால் திருத்துவது எளிது.

பணம் பற்றி வீட்டில் இப்போதே பேசுங்கள். விசாவுக்காக வங்கிக் கணக்கில் காட்டும் தொகை 28 நாட்கள் தொடர்ந்து இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. அது மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்க வேண்டும். தாய்மாமா, சித்தப்பா கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் அது கணக்கில் வராது. தருகிறேன் என்றால் முன்னதாகவே அப்பா கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். கல்விக் கடன் வாங்குகிறவர்கள் வங்கியின் அனுமதிக் கடிதம் வர எவ்வளவு நாளாகும் என்று கிளை மேலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டுமுன் அதைத் திருப்பித் தரும் விதிகளைப் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டும். இது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தருகிற இடங்களில்கூட, மாணவர் மனம் மாறினால் தராமல் போவதுண்டு. நிபந்தனையை எட்ட முடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்பது தெளிவாக இல்லையா? கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு அம்மாவின் நகையை வங்கிக்கு எடுத்துப் போங்கள்.