மகரக்கட்டு

சென்ற இதழில் வற்றல் வடகம் பற்றி எழுதியதைப் படித்த சகோதரி ஒருவர், "உங்கள் கணவர் இசை ஆசிரியர் என்று அறிந்தேன். உங்கள் இல்லத்தில் எந்நேரமும் பாட்டும் களிப்புமாகத்தான் இருக்கும். அதைப் பற்றியும் ஒரு முறை எழுதுங்களேன்" என்று கடிதம் வரைந்திருந்தார். சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு நாள் அவர் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தால் அக்கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டார். ஆயினும் கேட்டுவிட்டார், எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில், காவிரிக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. கத்திரி வெயில் பஞ்சாங்கத்தில் முடிந்த பின்னும் எங்கள் ஊரில் முடிவதில்லை. மே மாதக் கடைசியில் பாலத்தின்மேல் நின்று பார்த்தால், ஆறு இருக்கவேண்டிய இடத்தில் மணலும் நாணலும்தான் தெரியும். அணையில் நீர் போதிய அளவு இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் நாள் மேட்டூரைத் திறப்பது வழக்கம். அந்த நீர் முக்கொம்பைக் கடந்து வந்து சேரும்வரை கிணறும் வற்றிக் கிடக்கும். மனிதரின் பொறுமையும் வற்றிக் கிடக்கும்.

இசை ஆசிரியர் குடும்பத்திற்கு இது இரட்டைக் கோடை. என் கணவர் பணிபுரியும் பள்ளியில் அவரைப் போன்ற தொகுப்பூதிய ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. மாலை வேளைகளில் வீட்டிற்கு வந்து பயிலும் பிள்ளைகளோ, தேர்வு முடிந்த மறுநாளே பாட்டி வீட்டிற்குப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் தரும் கட்டணமும் அவர்களோடு போய்விடும். ஜூன் பிறந்தவுடன் நம் பிள்ளைகளுக்குச் சீருடை, நோட்டுப் புத்தகம், கட்டணம் என்று வரிசையாக நிற்கும். ஆகவே மே மாதம் எங்கள் வீட்டில் ரசமும் துவையலும் மிகுந்திருக்கும் மாதம்.

இத்துடன் வாத்தியங்களின் தொல்லை வேறு. வீணையின் மெட்டுகளைத் தாங்கி நிற்பது மெழுகு. கடும் வெயிலில் அம்மெழுகு இளகினால் மெட்டுகள் அசைந்து, சுரம் தடுமாறும். வறண்ட காற்றில் வயலினின் பிரடைகள் பிடிப்பு விட்டு வழுக்கும். இரவெல்லாம் சரியாக இருந்த தந்தி காலையில் தொய்ந்து கிடக்கும். எங்கள் வீட்டில் வெயில் எட்டாத அறை ஒன்றே ஒன்றுதான். அதில் குடியிருப்பது வீணை. நான் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பேன். திருமணமான புதிதில் இதற்காகச் சண்டையிட்டிருக்கிறேன். இப்போது வீணைக்கு நானே திரை போட்டுவிடுகிறேன்.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவனுக்கு அப்போது பதின்மூன்று வயது முடிந்திருந்தது, இளையவளுக்குப் பத்து. மகன் நான்கு வயது முதலே சுருதி பிசகாமல் பாடுவான். எங்கள் பங்கில் ஜூன் 13-ஆம் நாள் புனித அந்தோனியார் திருவிழா. நான்கு ஆண்டுகளாகத் திருவிழாத் திருப்பலியில் தனிப்பாட்டு அவனுடையதே. ஐந்து கட்டையில், ஒரு வெள்ளி மணி அசைவதுபோல ஒலிக்கும் அக்குரலைக் கேட்கப் பக்கத்துப் பங்கிலிருந்தும் வருவார்கள். கட்டை என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி, எந்தக் கட்டையை ஒருவர் தம் ஆதார சட்சமாகக் கொள்கிறாரோ அதுவே அவருடைய சுருதி. பெண்களும் சிறுவர்களும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவர். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கட்டையை ஒட்டியே பாடுவர்.

என் கணவரிடம் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. தம்மிடம் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கி, அப்பிள்ளையின் கட்டையைக் குறித்துவைப்பார். எங்கள் மகனின் பக்கத்தில் "5" என்ற எண் மட்டுமே இருந்தது. அதன் கீழே ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் இறுதியில் அவன் குரல் கம்மியது. ஐஸ் தின்றான் என்று நான் கடிந்தேன். "பயிற்சி செய்யாமல் கிரிக்கெட் மைதானத்தில் கத்துகிறான்" என்று அவர் கடிந்தார். அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு போட்ட பால் எல்லாம் கொடுத்தோம். குரல் தெளியவில்லை. மேல் சட்சத்தைத் தொடும்போது நடுவில் முறிந்து, சற்று நேரம் ஒலியே இல்லாமல் போய், பிறகு எங்கோ கீழே தவளை கத்துவதுபோல வெளிப்பட்டது. மகள் சிரித்துவிட்டாள். அண்ணனுக்குத் தவளை என்றே பெயரும் வைத்துவிட்டாள். அவளை நான் அதட்டினேன். ஆனால் அன்று நானும் உள்ளுக்குள் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. நாள்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவனை எழுப்பி, மாயாமாளவகௌளையில் சரளி வரிசையிலிருந்து தொடங்கச் செய்தார். அதே ஐந்து கட்டை. "முடியும் தம்பி. மூச்சைப் பிடித்துப் பாடு" என்பார். அவன் கழுத்து நரம்பு புடைக்கும். இதற்கிடையில் பங்குப் பேரவையினர் ஒருவர் வழியில் கண்டு, "வாத்தியார் மகன் பாட்டு இல்லாமல் திருவிழாவா?" என்று கேட்டுவிட்டார். அன்புடன் சொன்ன சொல்தான். ஆனால் அன்று முதல் பயிற்சி அரை மணி நேரம் கூடியது.

மே மாதம் மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, மகன் பாயை விட்டு எழவே மறுத்தான். "நான் பாடமாட்டேன் அப்பா" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து பாட்டை மட்டுமன்று, பேச்சையும் குறைத்துக்கொண்டான். கேட்டதற்குத் தலையசைப்பான். சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவான். தந்தையும் பேசவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஓயாமல் சுரம் சொல்லிக் கொடுக்கிறவரும், ஊரெல்லாம் புகழும் குரலுடையவனும் இருக்கும் வீட்டில், பத்து நாள் மின்விசிறியின் ஒலி மட்டுமே கேட்டது. மின்வெட்டு வந்தால் அதுவும் இல்லை.

எங்கள் பங்கில் ஒரு மருத்துவ அம்மையார் இருக்கிறார். ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் அவனை அவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் அவன் தொண்டையைப் பார்க்குமுன் அவன் கழுத்தைப் பார்த்தார். நடுவே சிறு மேடு எழும்பியிருந்தது. பெற்ற தாய் நான் அதுவரை கவனிக்கவில்லை. "இது சளியன்று, வளர்ச்சி" என்றார். இப்பருவத்தில் ஆண் பிள்ளைகளின் குரல்வளைக் குருத்தெலும்பு விரைவாகப் பெரிதாகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. சிறுவன் பேசும்போது நொடிக்கு 250 முறையளவில் அதிரும் நாண், வளர்ந்தபின் 100 முதல் 130 முறையளவே அதிரும். ஏறத்தாழ ஒரு ஸ்தாயி முழுதும் குரல் இறங்கிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் இம்மாற்றம் உண்டு. ஆனால் இரண்டு மூன்று சுரம் மட்டுமே இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. "அதிமதுரத்தால் குருத்தெலும்பின் வளர்ச்சியை நிறுத்தமுடியுமா?" என்று கேட்டு நகைத்தார். பாட்டை அடியோடு விடவேண்டியதில்லை, எட்டுகிற சுரங்களை மெல்லப் பாடலாம், எட்டாததை வருத்தி இழுக்கக்கூடாது, கத்தக்கூடாது, தண்ணீர் நிறையப் பருகவேண்டும். சில மாதங்களிலோ ஓராண்டிலோ குரல் நிலைத்துவிடும். வேறு காரணமின்றி எந்த வயதினருக்கும் குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் தொண்டை மருத்துவரிடம் காட்டவேண்டும் என்றும் சொன்னார். தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

அன்றிரவு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணி, மருத்துவர் சொன்னவற்றை அவரிடம் சொன்னேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, "இது எனக்குத் தெரியாததன்று. மகரக்கட்டு என்று இதற்குப் பெயரே இருக்கிறதே" என்றார்.

பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் வழங்கிய சொல் அது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு நாடகச் சபை தொடங்கினார். அத்தகைய கம்பெனிகளில் பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கி, உச்ச ஸ்தாயியில் பாடுவார்கள். மகரக்கட்டு வந்துவிட்டால் நேற்றுவரை நாயகியாக நின்றவனுக்கு இன்று வேடம் இல்லை. மேல்நாட்டிலும் இதே கதைதான். வியன்னாவின் தூய ஸ்தேவான் பேராலயத்தில் 1740 முதல் பாடகர் குழுவில் இருந்த ஜோசப் ஹைடன், குரல் உடைந்தபின் 1749-இல் வெளியேற்றப்பட்டார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. பின்னாளில் உலகம் போற்றும் இசைமேதையானவர் அவர். இவற்றையெல்லாம் வகுப்பில் கதைபோலச் சொல்கிறவர் என் கணவர்.

"எல்லாம் தெரிந்துமா அவனை வருத்தினீர்கள்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் சொன்னார். அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, சொந்த ஊரில் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் தனிப்பாட்டுப் பாட நிறுத்தினார்களாம். குரல் சரியில்லை என்று சொல்லியும் பாடகர் குழுத் தலைவர் கேட்கவில்லை. இரண்டாம் அடியிலேயே குரல் முறிந்தது. முன்வரிசையில் இருந்த சிறுவர்கள் சிரித்தார்கள்; பெரியவர்களும் சிரித்தார்கள். "அன்றைக்கு அப்பா என்னை வீட்டிற்குப் போகும் வழியெல்லாம் திட்டினார். அதன்பின் நான் தனியாகப் பாடியதில்லை. ஆர்மோனியத்தின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்" என்றார்.

பதினாறு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். வகுப்பில் சுரம் சொல்லிக் கொடுக்கும் குரலன்றி, அவர் ஒரு பாட்டை முதலிலிருந்து முடிவுவரை பாடி நான் கேட்டதில்லை. அது வாத்தியக்காரர்களின் இயல்பு என்றே எண்ணியிருந்தேன். ஒரு நாளாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "இவனுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு பயிற்சி கொடுத்தேன்" என்றார் அவர். இதற்கு நான் என்ன சொல்வது? எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மகன் உறங்கவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு யாரும் எழுப்பாமலே வந்து, ஆர்மோனியத்தின் எதிரில் அமர்ந்தான். என் கணவர் ஐந்தாம் கட்டையில் விரலை வைத்தார், எடுத்துவிட்டார். நாலரை, நான்கு, மூன்று என்று ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் மகன் மெல்ல "சா" பிடித்துப் பார்த்துத் தலையசைத்தான். இரண்டாம் கட்டைக்கு வந்தபோது குரல் நின்றது. கரகரப்பாகத்தான் இருந்தது; ஆனால் முறியவில்லை. அந்தக் குரலை நான் முதலில் என் மாமனாருடையது என்றே எண்ணினேன். அப்படியே அவர் குரல். மேலே ஐந்து சுரம், கீழே இரண்டு. அதற்குள் அடங்கும்படி மோகனத்தில் ஏதோ ஒன்றைத் தந்தையே சேர்ந்து பாடினார். ஆம், அவர் பாடினார். நான் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

திருவிழாவில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தனிப்பாட்டுப் பாடினாள். நன்றாகவே பாடினாள். எங்கள் மகன் குழுவின் பின்வரிசையில், ஆண்களோடு நின்றான். "என்ன வாத்தியாரே, பையன் பாடவில்லையா?" என்று வழக்கம்போல ஒருவர் கேட்டார். "பாடினானே, பின்வரிசையில்" என்றார் என் கணவர்.

காவிரியில் தண்ணீர் வந்த வாரம், மே மாதக் கணக்கில் நின்றுபோன மளிகைக் கடை பாக்கியைத் தேடி அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினேன். சில்லறைக் கணக்குகளையும் அவர் அதில்தான் எழுதிவைப்பார். மகனின் பக்கத்தில் "5" என்பதை அடிக்கவில்லை. அதன் கீழே புதிய மையில் எழுதியிருந்தார்: "2. இப்போதைக்கு."